பெருமூச்சில் முளைத்த பாசி

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளப் பொதுக்கூடத்தில் வரிசை வாசலைத் தாண்டிவிடும். ஆளுக்கு ஒரு மூடிபோட்ட கோப்பை. புதிதாக வருகிறவர்கள் சிறுநீர்ப் பரிசோதனை முகாம் என்று நினைத்துத் திரும்பிப் போனதும் உண்டு. கோப்பைக்குள் இருந்தது மீன்தொட்டித் தண்ணீர். அதைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களில் பாலம் கட்டுகிற பொறியாளர் இருந்தார், வங்கி மேலாளர் இருந்தார், கல்லூரியில் தர்க்கம் சொல்லித்தருகிற பேராசிரியர்கூட இருந்தார். அத்தனை பேரும் வாயில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, மூக்கால் சின்னச் சின்னதாக மூச்சு விட்டுக்கொண்டு நின்றார்கள்.

தவறிப்போய்க்கூட யாரும் ஒரு பெருமூச்சு விட்டுவிடக் கூடாது. விட்டால் மீன்தொட்டியில் பாசி முளைக்கும்.

சிரிக்காதீர்கள். "பெருமூச்சு விடுவோர் மொட்டை மாடிக்குச் செல்லவும்" என்று பெரிய எழுத்தில் எழுதி, அறிவிப்புப் பலகையில் நான்கு ஊசி குத்தி மாட்டியவன் நான். குடியிருப்போர் சங்கச் செயலாளர். இந்தக் கூத்தில் யாரையாவது திட்டவேண்டும் என்று தோன்றினால் என்னிலிருந்து ஆரம்பியுங்கள்.

எல்லாம் ஏழாம் மாடிப் பல் டாக்டரால் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அவர் ஒரு உப்புத்தண்ணீர்த் தொட்டி வாங்கினார். குளியல் தொட்டி அளவு கண்ணாடி, உள்ளே கடல்பாறை, பாறைமேல் உயிருள்ள பவளம், நடுவில் மஞ்சள் மீன் ஒன்று. நீல விளக்கைப் போட்டால் பவளம் விரிந்து மெல்ல ஆடும். பார்க்கப்போனவர்களுக்கெல்லாம் வயிறு எரிந்தது. ஆறு மாதத்தில் அறுபது வீட்டில் நாற்பது வீட்டுக்குத் தொட்டி வந்துவிட்டது. என் வீட்டுக்கும்தான். கடலை நேரில் பார்த்தே பத்து வருடமானவர்கள், கடலுக்கு உப்பு எத்தனை கரண்டி என்று லிஃப்டில் விவாதித்தார்கள்.

ஆசை இருக்குமிடத்தில் கை சும்மா இருக்குமா? காலையில் அப்பா மீனுக்குத் தீனி போடுவார். அவர் போட்டது தெரியாமல் அம்மா போடுவார். விருந்தாளி வந்தால் அவருக்கும் ஒரு சிட்டிகை கொடுத்துப் போடச் சொல்வோம். தொட்டித் தண்ணீரை வாரம் ஒருமுறை கொஞ்சம் மாற்று என்று கடைக்காரர் சொன்னதை முதல் மாதம் செய்தோம். பிறகு மறந்தோம். ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்குக் குழாய்த் தண்ணீரையே பிடித்து ஊற்றினோம்.

பாறையில் பச்சை முடி முளைத்தது. முதலில் மீசை அளவு, பிறகு தாடி அளவு, பிறகு பவளமே தெரியாத அளவு.

தெருமுனை மீன்கடைக்காரரிடம் ஓடினோம். அவர் இரண்டே வரியில் சொன்னார்: "தீனி அதிகமாப் போடுறீங்க. அதுல இருக்கிற பாஸ்பேட்டு தண்ணியில சேருது, அதத் தின்னுதான் பாசி வளருது. தீனியக் குறைங்க, சுத்திகரிச்ச தண்ணி ஊத்துங்க, வாராவாரம் தண்ணி மாத்துங்க, பாசியக் கையால பிடுங்குங்க. ரெண்டு மாசத்துல சரியாயிடும்."

எங்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை. தப்பு எங்கள்மேல் என்கிறார். போதாததற்குக் கையை வேறு நனைக்கச் சொல்கிறார். இவ்வளவு சாதாரணமாகப் பேசுகிறவருக்கு என்ன தெரிந்திருக்கப்போகிறது?

அந்தச் சமயத்தில்தான் தொட்டி ஞானி வந்து சேர்ந்தார்.

வெள்ளை அங்கி, வழுக்கைத் தலை, கழுத்தில் ஸ்டெதஸ்கோப். அதைத் தொட்டிக் கண்ணாடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். இரண்டு நிமிடம் கழித்துத் தலையை ஆட்டுவார். "பாசி இல்லை இது. பெருமூச்சு. இந்த வீட்டில் யாரோ மனத்துக்குள் புழுங்குகிறார்கள். அந்தப் பெருமூச்சு தண்ணீரில் இறங்கிப் பச்சையாக முளைக்கிறது" என்று மேடைத் தமிழில் சொல்வார். கேட்டவர்களுக்கு உடம்பு சிலிர்த்தது. ஆகா, இதல்லவா விளக்கம்!

நிரூபணமும் வைத்திருந்தார். தொட்டித் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, லேபிள் உரித்த இரண்டு புட்டிகளிலிருந்து 'உண்மைத் துளி' விட்டுக் குலுக்குவார். ஐந்து நிமிடத்தில் தண்ணீர் நீலமாகும். எவ்வளவு நீலமோ அவ்வளவு பெருமூச்சு. அடுத்தது 'மௌனத் துளி'. அதைத் தொட்டியில் விட்டால் தண்ணீர் பால்போல் வெளுக்கும். "பாருங்கள், பெருமூச்செல்லாம் வெளியே வருகிறது!" என்பார். மறுநாள் தண்ணீர் தெளிந்துவிடும். திரும்பச் சோதித்தால் நீலம் இல்லை. பத்து நாளில் பாசி வாடும். வீடே அவர் காலில் விழும்.

கடைசியாக ஒரு பொட்டலம் 'அமைதி உருண்டை' கொடுப்பார். மீன்கள் மனம் அமைதியடைய தினம் மூன்று வேளை போட வேண்டும். ஒரு மாதத்தில் பாசி திரும்ப முளைக்கும். போனதைவிட அடர்த்தியாகவே முளைக்கும்.

"மறுபடியும் யாரோ பெருமூச்சு விட்டிருக்கிறார்கள்" என்பார் ஞானி வருத்தத்துடன்.

யார் என்று அவரே கண்டுபிடித்தும் சொல்வார். கோப்பையோடு ஒரு படிவம் தரவேண்டும்: பெயர், மாடி, வீட்டில் எத்தனை பேர், யார் யாருக்கு என்ன உறவு, யார் சம்பாதிக்கிறார். படிவத்தை அச்சடித்துக் கொடுத்தது அடியேன். அவர் படிவத்தை ஒரு பார்வை பார்ப்பார், கோப்பையில் ஸ்டெதஸ்கோப் வைப்பார், ஆளைச் சொல்வார். இரண்டாம் மாடியில் வேலை போன மைத்துனர். ஐந்தாம் மாடியில் மகன் வீட்டில் இருக்கும் அம்மா. என் வீட்டில் என் மாமனார். எந்த வீட்டைச் சொன்னாலும் பெருமூச்சு விட்டவர் அந்த வீட்டில் எதிர்த்துப் பேச முடியாதவராகவே இருந்தார். குடும்பத் தலைவர் ஒருவர்கூட ஒருமுறையாவது பெருமூச்சு விட்டதாக ஞானியின் காதில் விழவில்லை. இது எனக்கு அப்போது உறைக்கவில்லை என்பதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

கட்டடத்தில் வாழ்க்கை மாறிப்போனது. தொட்டி இருக்கும் கூடத்துக்குள் கைக்குட்டை கட்டாமல் போகக் கூடாது. தொலைக்காட்சியில் அழுகைத் தொடர் பார்க்கக் கூடாது. கொட்டாவி பெருமூச்சில் சேருமா என்று ஒன்பதாம் மாடி வழக்கறிஞர் எழுத்துபூர்வமாகக் கேட்டார். கொட்டாவி அரைப் பெருமூச்சு என்று தீர்ப்பு வந்தது. தும்மலுக்கு விலக்கு உண்டு. விக்கலுக்குத் தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது. ஞானியால் சுட்டப்பட்ட பதினான்கு பேரும் பகலெல்லாம் மொட்டை மாடியில் இருக்க வேண்டும் என்று சங்கம் தீர்மானம் போட்டது. அவர்களுக்கு மடக்கு நாற்காலி, குடிதண்ணீர், ஒரு சீட்டுக்கட்டு. என் மாமனாருக்கு மூன்று வேளையும் சாப்பாட்டை நானே மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை பாருங்கள்.

ஒரு ஞாயிறு, டாக்டர் வீட்டுக் கோப்பை சரியான நீலமாக மாறியது. படிவத்தை வாங்கிப் பார்த்த ஞானி, கோப்பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுக்காமலே சொன்னார்: "ஒரு பெண். இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். இவளுக்கு மாடி போதாது. இவள் இந்தக் கூரைக்குக் கீழேயே இருக்கக் கூடாது."

டாக்டரின் தங்கை நான்கு மாதத்துக்கு முன்புதான் கணவனை விட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தாள்.

அன்று மத்தியானம் டாக்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனேன். கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். தொட்டிக்குள் பச்சைத் தலைமயிர் அலையலையாக ஆடிக்கொண்டிருந்தது. அதற்குள் எங்கேயோ மஞ்சள் மீன் இருந்தது. டாக்டரின் மனைவி கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அமைதி உருண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"செயலாளர் சார், பக்கத்துல நல்ல பெண்கள் விடுதி ஏதாவது தெரியுமா?" என்றார் டாக்டர்.

"யாருக்கு?"

டாக்டர் கைக்குட்டைக்குள் ஏதோ முனகினார். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்த தங்கை பதில் சொன்னாள்.

"எனக்குத்தான் சார். தொட்டிக்கு என்னைப் பிடிக்கலையாம்."

"நாங்களாம்மா சொல்றோம்? ஞானி சொல்றார்" என்றார் அண்ணி. "அந்தப் பவளம் படுற பாட்டப் பாரு. பெத்த வயிறு மாதிரி பதறுது எனக்கு."

"பெருமூச்சு விடுறேன் அண்ணி, இல்லைன்னு சொல்லல. ஆறு வருஷக் குடித்தனம் ஒடஞ்சு வந்தவ பெருமூச்சு விடாம விசிலா அடிப்பா?"

"ரெண்டே மாசம்தாம்மா" என்றார் டாக்டர். "பாசி போனதும் வந்துடு. உன் ரூமை அப்படியே வெச்சிருப்போம்."

அவள் அண்ணனைப் பார்த்தாள். "சொத்தைப் பல்லோட உன் கிட்ட வர்றவங்கள என்ன கேப்ப, அண்ணா? என்ன தின்ன, எத்தனை தடவை தின்ன, பல்லு வெளக்கினியான்னுதான கேப்ப? வீட்டுல யாரு பெருமூச்சு விட்டாங்கன்னு என்னைக்காவது கேட்டிருக்கியா?"

"பல்லு வேற, பவளம் வேற" என்றார் டாக்டர். குரலில் உறுதி இல்லை, ஆனால் தலையை நிமிர்த்தவும் இல்லை.

அவள் கண் கலங்கிவிட்டது. பெருமூச்சு வந்தது. அதைக் கையால் பொத்தினாள். சொந்த அண்ணன் வீட்டில் ஒரு பெண் தன் மூச்சை வாய்க்குள்ளேயே பொத்தி நசுக்குகிறாள், நான் கைக்குட்டை கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நிற்கிறேன். என் மாமனாரை மாடிக்கு அனுப்பி அன்றைக்கு ஒன்பதாவது நாள்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"சார், அந்த ஆளு கோப்பைய வாங்குறப்ப பேர் போட்டு வாங்குறாரா, நம்பர் போட்டு வாங்குறாரா?"

"பேர் போட்டுத்தான். யாரு வீடு, யாரு உறவு, எல்லாம் படிவத்துல இருக்கும்."

"அப்படியா!" என்றாள். நான்கு மாதத்தில் அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். "எங்க கம்பெனியில இப்படி ஒரு நாள் வேலை பாத்தாப் போதும், வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

அவள் வேலை பிஸ்கட் கம்பெனியில் ருசி பார்ப்பது. பதினோரு வருடமாகப் பார்க்கிறாள். அங்கே பிஸ்கட் தட்டில் பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். எந்த எண் எந்த பிஸ்கட் என்ற பட்டியல் உறைக்குள் ஒட்டப்பட்டு வேறொருவரிடம் இருக்கும். ருசி பார்க்கிறவருக்கும் தெரியாது, தட்டைக் கொண்டுவந்து வைக்கிறவருக்கும் தெரியாது. எல்லாரும் எழுதிக் கொடுத்த பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள்.

"பேரக் கேட்டதும் நாக்கு பொய் சொல்ல ஆரம்பிச்சுடும், சார். இது எங்க வேலையில எல்லாருக்கும் தெரியும். விலை ஒசந்த பிஸ்கட்டுன்னு சொல்லிட்டு மட்டமானதக் குடுத்தா, பிரமாதம்னு எழுதுவோம். நானே எழுதியிருக்கேன். நாக்குக்கே இந்தக் கதின்னா, ஸ்டெதஸ்கோப்புக்கு என்னவாம்?" பிறகு அண்ணனிடம், "அடுத்த ஞாயித்துக்கெழமை வரைக்கும் டயம் குடு. அதுக்கப்புறமும் நான்தான் பாசின்னா, நானே பெட்டியத் தூக்கிட்டுப் போயிடுறேன்" என்றாள்.

அந்த வாரம் நடந்தவை எல்லாம் சங்கத்தின் பதிவேட்டில் இல்லை. சனிக்கிழமை காலை அவள் மொட்டை மாடிக்கு வந்தாள். கையில் மீன்கடைக்காரர் புதிதாகக் கலக்கிக் கொடுத்த உப்புத்தண்ணீர் ஒரு கோப்பை, ஒரு கட்டு உறிஞ்சுகுழல். பதினான்கு பேரையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னாள். ஆளுக்கு ஒரு குழல் வழியாக அந்தத் தண்ணீருக்குள் பெருமூச்சு விட வேண்டும். மொத்தம் ஒரு மணி நேரம். உள்ளே இருக்கிற துக்கமெல்லாம் இறங்க வேண்டும்.

முதலில் ஐந்தாம் மாடி அம்மா விட்டார். தண்ணீரில் குமிழி வந்தது. என் மாமனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்காதீங்க அப்பா, சோதனை கெட்டுடும்" என்றாள் அவள். சாப்பாட்டோடு வந்து நின்ற என்னைப் பார்த்தார், முகத்தைச் சுருக்கிக்கொண்டார், மருமகனை நினைத்துக்கொண்டு ஒன்று விட்டார். அவ்வளவு நீளமான பெருமூச்சை நான் கேட்டதே இல்லை. எல்லாரும் முடித்த பிறகு கடைசியாக அவள் விட்டாள். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

அந்தக் கோப்பை மீன்கடைக்குப் போனது. வாங்கிக்கொண்ட கடைக்காரரை எச்சரித்தாள்: "எந்த நம்பர் எதுன்னு என் கிட்டயும் சொல்லக் கூடாது."

ஞாயிறு வந்தது. கூடம் நிரம்பி வழிந்தது. சங்கத் தலைவர் ஞானிக்கு மலர்ச்செண்டு கொடுத்தார். டாக்டரும் மனைவியும் முன்வரிசையில். டாக்டர் தங்கை ஒரு தட்டை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனாள். தட்டில் ஒரே மாதிரி ஐந்து கோப்பைகள். பெயர் இல்லை. ஒன்று முதல் ஐந்து வரை எண் மட்டும். கடைக்காரர் ஒட்டிய உறை தலைவரின் சட்டைப் பையில் இருந்தது.

"ஐயா, இதுல எதுல பெருமூச்சு இருக்கு, எதுல இல்லைன்னு கேட்டுச் சொல்லுங்க. படிவம் மட்டும் கிடையாது" என்றாள்.

ஞானி ஒரு கணம் தட்டைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். முந்நூறு கைக்குட்டைகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. பின்வாங்க வழியில்லை. ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார்.

ஒன்றில் வைத்துக் கேட்டார். "ஐயோ! ஒரு தாயின் கண்ணீர்."

இரண்டு. "பரவாயில்லை. சின்னச் சலிப்பு மட்டும்."

மூன்று. துள்ளிப் பின்னால் போனார். "இது பெரும் பாவம். துரோகம் நடந்த வீடு. மூடுங்கள், மூடுங்கள்!" முன்வரிசையில் ஒருவர் எழுந்து இன்னும் நான்கு வரிசை பின்னால் போய் உட்கார்ந்தார்.

நான்கு. "கணவன் மனைவிக்குள் மனவருத்தம். ஆற்றிவிடலாம்."

ஐந்தில் வைத்ததும் அவர் முகம் மலர்ந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தும் பார்த்தார். "ஆகா, கடல் வாசம்! இந்த வீட்டில் யாரும் பெருமூச்சே விட்டதில்லை. தினம் மூன்று வேளை என் அமைதி உருண்டையைத் தவறாமல் போடுகிற வீடு இது."

கூட்டம் கைதட்டியது.

"கடைசியாச் சொன்னீங்களே, அது மட்டும் ரொம்பச் சரி" என்றார் பின்னால் நின்ற மீன்கடைக்காரர்.

"நீங்க பேசக் கூடாது" என்று அவரை அடக்கினாள் டாக்டர் தங்கை. "ஐயா, இப்ப உங்க உண்மைத் துளிய உங்க கையாலயே விடுங்க."

தன் துளியைத் தானே வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? ஐந்து கோப்பையிலிருந்தும் ஐந்து குழாயில் தண்ணீர் எடுத்தார்கள். ஞானி தன் கையாலேயே துளி விட்டார், குலுக்கினார். ஐந்து நிமிடம். பெருமூச்சு விடக் கூடாது என்ற விதி இல்லாவிட்டாலும் அந்த ஐந்து நிமிடம் யாரும் மூச்சு விட்டிருக்க மாட்டார்கள்.

முதல் குழாய் நிறமே மாறவில்லை. இரண்டாவதும் அப்படியே. பெரும் பாவம் செய்த மூன்றாவது, குடிக்கலாம் போல நின்றது. நான்காவது நீலம். ஐந்தாவது, யாருமே பெருமூச்சு விடாத அந்தப் புனித வீடு, பேனா மை ஊற்றிய மாதிரி கருநீலம்.

தலைவர் உறையைப் பிரித்தார். படித்தார்.

"ஒண்ணு: புதுசாக் கலக்கின உப்புத்தண்ணி. ரெண்டு..." அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ரெண்டு: மொட்டை மாடியில் பதினஞ்சு பேர் ஒரு மணி நேரம் பெருமூச்சு விட்ட தண்ணி. மூணு: ஒண்ணாம் நம்பர் தண்ணியேதான். நாலு: டாக்டர் வீட்டுத் தொட்டித் தண்ணி. அஞ்சு..."

"சத்தமாப் படிங்க" என்றார் யாரோ.

"அஞ்சு: புது உப்புத்தண்ணியில் அமைதி உருண்டை ஒண்ணு ராத்திரி முழுக்க ஊறவெச்சு வடிகட்டினது."

ஞானிதான் முதலில் சுதாரித்துக்கொண்டார்.

"சந்தேகப் பேர்வழியின் கை பட்ட உருண்டை கெட்டுப்போயிருக்கிறது!" என்று முழங்கினார். கூட்டத்தில் பாதித் தலைகள் ஆடின. ஆமாம், ஆமாம், கெட்டுப்போயிருக்கும். எவ்வளவு சீக்கிரம் ஆடுகிற தலைகள் எங்களுடையவை!

டாக்டர் தங்கை கோபப்படவில்லை. "சரி. என் கை படாத உருண்டை உங்க எல்லாருடைய பையிலயும் இருக்கே. நீங்களே போடுங்க" என்றாள்.

கடைக்காரர் ஒரு வாளி நிறையப் புது உப்புத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். தன் கடை அலமாரியிலிருந்து ஒரு பெட்டி சோதனைச் சொட்டும் கொண்டுவந்திருந்தார். அதன்மேல் லேபிள் உரிக்கப்படாமல் இருந்தது. 'பாஸ்பேட் சோதனை' என்று போட்டிருந்தது. ஞானியின் புட்டியும் அந்தப் புட்டியும் ஒரே அச்சு. ஆளுக்கு ஒரு கோப்பை, அவரவர் உருண்டை, அரை மணி நேரம். வழக்கறிஞர் தன் உருண்டையின்மேல் கையெழுத்துப் போட முயன்றார். உருண்டை உதிர்ந்துவிட்டது.

அரை மணி கழித்து நாற்பது வீட்டுக்காரர்களும் நாற்பது குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நாற்பதும் நீலம். பொறியாளர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். தர்க்கப் பேராசிரியர் தரையைப் பார்த்தார். நான் என் குழாயைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

"அப்ப தண்ணி பால் மாதிரி வெளுத்துச்சே, அது?" என்றார் தலைவர், கடைசி நம்பிக்கையோடு.

கடைக்காரர் ஒரு டப்பாவைத் தூக்கிக் காட்டினார். "நீச்சல்குளம் பராமரிக்கிறவங்க வாங்குற மருந்துங்க. தண்ணியில இருக்கிற பாஸ்பேட்டப் புடிச்சு வெள்ளையா உறைய வெச்சிடும்." ஐந்தாம் கோப்பையில் மிச்சமிருந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டார். பாலாக வெளுத்தது. "அளவு பாத்து மெதுவா விட்டா நல்ல மருந்துதான். பாவத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. ஒரு பக்கம் இத விட்டு பாஸ்பேட்ட எடுக்குறாரு, இன்னொரு பக்கம் உருண்டையப் போட்டுத் திரும்ப ஏத்துறாரு. நீங்க மூணு வேளையும் போட்டீங்க." கொஞ்சம் நிறுத்தித் தலையைச் சொறிந்துகொண்டார். "அந்த உருண்டையும் என் கடையில காலாவதியான மீன்தீனிதாங்க. செடிக்கு உரம் போடன்னு சொல்லி மூட்டை மூட்டையா வாங்கிட்டுப் போனாரு. இப்பத்தான் எந்தச் செடின்னு புரியுது."

அவ்வளவுதான். கைக்குட்டைகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. உள்ளே இருந்த வாய்களிலிருந்து வந்த வார்த்தைகளை எழுத முடியாது. ஞானி மலர்ச்செண்டை வைத்துவிட்டு, ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிக்கொண்டு, பக்கவாட்டுக் கதவு வழியாகக் கம்பி நீட்டப் பார்த்தார். கதவடியில் என் மாமனார் மடக்கு நாற்காலியோடு உட்கார்ந்திருந்தார். வழி இல்லை என்று தெரிந்ததும் ஞானி நின்று, தன் வாழ்நாளிலேயே பெரிய பெருமூச்சு ஒன்றை விட்டார்.

என் மாமனார் புது உப்புத்தண்ணீர்க் கோப்பை ஒன்றை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டார். துளி விட்டுப் பார்த்தோம். நீலமாகவில்லை.

அவனைக் காவல் நிலையத்துக்கு அனுப்பிவிட்டு வந்து பார்த்தால், மேடையைச் சுற்றி மறுபடியும் ஒரு வரிசை! டாக்டர் தங்கையின் முன்னால் கோப்பையோடு நிற்கிறார்கள். முதல் ஆள் சங்கத் தலைவர்.

"அம்மா, உங்க கையால ஒரு சொட்டு விட்டுப் பாத்துச் சொல்லுங்க. உங்க கை ராசியான கை."

தலையில் அடித்துக்கொண்டாள் அவள். "என் கையில ஒண்ணும் இல்ல, சார். நாளைக்கு நானே ஏதாவது உளறினாலும் நம்பர் போட்டுச் சோதிங்க. சொட்டு கடையில கெடைக்குது, கண்ணு உங்க கிட்ட இருக்கு. வீட்டுக்குப் போய் மொதல்ல தண்ணிய மாத்துங்க."

கூட்டம் கலைந்த பிறகு டாக்டர் தன் தங்கையிடம் வந்தார். கைக்குட்டை கழுத்தில் தொங்கியது. மனைவி இரண்டு அடி பின்னால்.

"நீ எங்கேயும் போக வேண்டாம்மா" என்றார்.

அவள் தட்டில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தண்ணியில பாஸ்பேட்டு இருக்கான்னு பாக்க ஒரு சொட்டு இருக்கு, அண்ணா. ஒரு கைப்பிடி பாசிக்காகக் கூடப்பொறந்தவள வெளிய அனுப்பத் தயாரா இருந்தியே, அது நீலமாகிறதுக்கு எந்தக் கடையில சொட்டு வாங்கட்டும்?"

டாக்டர் அப்படியே நின்று அழுதார். அண்ணி வந்து தட்டை வாங்கிக்கொண்டார்.

"போகல" என்றாள் அவள் கடைசியில். "ஆனா இனிமே வாராவாரம் நீங்க ரெண்டு பேரும் வாளி தூக்கித் தண்ணி மாத்தணும். பாசியக் கையால பிடுங்கணும். நான் சோஃபாவுல உக்காந்து பெருமூச்சு விடுவேன். இஷ்டத்துக்கு விடுவேன்."

விட்டாள். தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து இரண்டு மாதம் விட்டாள். பச்சை முடி உதிர்ந்து, பாறை தெரிந்து, பவளம் விரிந்தது. மஞ்சள் மீனும் உயிரோடுதான் இருந்தது. என் வீட்டிலும் பாசி போய்விட்டது. மாமனார்தான் இறங்கி வர மறுக்கிறார். மாடியில் காற்று நன்றாக வருகிறதாம், சீட்டாட்டத்துக்கு ஆள் சேர்ந்துவிட்டதாம். பகலெல்லாம் அங்கேதான் இருக்கிறார். சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுகிறார். எனக்கு வேண்டும்.

அறிவிப்புப் பலகையில் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிது மாட்டியிருக்கிறேன். இந்தமுறை யாரையும் கேட்கவில்லை, தீர்மானம் போடவில்லை:

"இந்தக் கட்டடத்தில் எல்லாரும் எங்கே வேண்டுமானாலும் பெருமூச்சு விடலாம். யோசிக்கவும் செய்யலாம். யோசித்ததால் யார் வீட்டிலும் இதுவரை பாசி பிடித்ததில்லை. யோசிக்காத இடத்தில்தான் பிடித்தது. அது தொட்டிக்குள் இல்லை."